நம்ம கட்சித் தண்ணீர்

டேங்க்காரருக்குச் சோறு போட்டது அவருடைய மூக்குதான். இருபத்து மூன்று வருஷமாக ஊரின் குடிதண்ணீர்த் தொட்டி அவர் பொறுப்பில் இருந்தது. மூட்டையைப் பிரித்ததும் கண் எரிந்து, தொண்டை கமறி, நாலு தும்மல் வந்தால் அது நல்ல பிளீச்சிங் பவுடர். ரெண்டு தும்மலோடு நின்றுவிட்டால் பழைய சரக்கு, கூட ஒரு கரண்டி போட வேண்டும். தும்மலை எண்ணித் தண்ணீருக்கு மருந்து போடுகிற ஆள் என்று பம்ப் ரூமில் அவரைக் கிண்டல் செய்வார்கள். அவருக்கு அதில் பெருமைதான்.

பம்ப் ரூமில் ரெண்டு மோட்டார். ஒன்று ஓடும், இன்னொன்று எப்போதும் ரிப்பேரில் கிடக்கும். காலை ஐந்தரைக்கு மேற்குப் பக்க வால்வைத் திறப்பார். ஆறேகாலுக்கு அதை மூடிக் கிழக்கைத் திறப்பார். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு லைன் முடிகிற கடைசித் தெருவுக்குப் போவார். தொட்டியடியிலேயே தண்ணீரைப் பிடித்துச் சோதித்துவிட்டு நோட்டில் எழுதிப் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போகிறவர்கள் உண்டு. இவர் அப்படி இல்லை. மருந்து கடைசிக் குழாய் வரைக்கும் போய்ச் சேர்ந்ததா என்று பார்த்தால்தான் இவருக்கு டீ இறங்கும். கண்ணாடிக் குழலில் தண்ணீர் பிடித்து ஐந்து சொட்டு சோதனைத் திரவம் விடுவார். மஞ்சளாக மாறினால் தண்ணீரைக் குடிக்கலாம். நிறம் மாறாமல் நின்றால், அதில் எந்தக் கிருமி வேண்டுமானாலும் உயிரோடு நீந்திக்கொண்டிருக்கலாம். அந்தக் கடைசிக் குழாய் அவர் தங்கை வீட்டு வாசலில் இருந்தது.

கட்சியை அவர் தேடிப் போகவில்லை. அம்மா மூச்சுத் திணறிக் கிடந்த ஒரு மத்தியானம், கட்சி ஆபீஸ்காரர் தன் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அம்மா பிழைக்கவில்லை, ஆனால் கூப்பிட்ட குரலுக்குக் கார் வந்தது. அடுத்த வருஷம் அப்பாவும் போய், ஆறு வயதுத் தங்கையோடு நடுத்தெருவில் நின்றபோது இந்தத் தொட்டி வேலையைச் சொல்லி வாங்கிக் கொடுத்ததும் அதே மனிதர்தான். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று வளர்ந்த உடம்பு. அன்றிலிருந்து ஒரு கூட்டம் தவறவிட்டதில்லை. தங்கையை வீட்டில் விட ஆளில்லாததால் அவளையும் தூக்கிக்கொண்டு போவார். மேடைக்குப் பின்னால் சுருட்டி வைத்த கொடித்துணி மேல் அவள் தூங்குவாள். எழுத்துக் கூட்டிப் படிக்கும் முன்பே கோஷம் போடக் கற்றுக்கொண்டாள். "நம்மாளு தப்பு பண்ணினா வீட்டுக்குள்ள வச்சுக் கேக்கணும், வெளியில விட்டுக்கொடுக்கக் கூடாது" என்று அவளுக்குச் சொல்லி வைத்ததும் இவர்தான். அவளை ஆளாக்குவதிலேயே காலம் ஓடிவிட்டது. தனக்கென்று ஒரு கல்யாணம் செய்துகொள்ள அவருக்கு நேரம் வாய்க்கவில்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் நகரத் தலைவராக இருந்தவர் எதிரணி ஆள், நம்மவர்கள் பேச்சில் ‘அந்தக் கட்சிக்காரர்’. ஒரு நாள் புது லோடு வந்தது. முதல் மூட்டையைப் பிரித்த உடனேயே டேங்க்காரருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. தும்மல் இல்லை, கண் எரிச்சல் இல்லை. சுவருக்கு அடிக்கிற சுண்ணாம்பை மூட்டை கட்டி, பிளீச்சிங் பவுடர் என்று பில் போட்டு அனுப்பியிருந்தார்கள். அன்று காலையே கண்ணாடிக் குழலைத் தூக்கிக்கொண்டு நடுத்தெருவில் நின்றார். "பாருங்க, ஒரு பொட்டு மஞ்சள் இருக்கா? உங்க பிள்ளைங்க குடிக்கிற தண்ணி இது!" என்று தொண்டை கிழியக் கத்தினார். ஊரே திரண்டது. காலிக் குடங்களோடு ஊர்வலம் போனார்கள். தங்கை முன்வரிசையில் நின்று கரண்டியால் அடித்த அடியில் குடம் ஒடுங்கிப்போனது. பக்கத்தில் கோஷம் போட்டுக்கொண்டு வந்த இளைஞன்தான் பிறகு அவளுக்குக் கணவனானான், இன்றைக்கு அந்த வார்டுக்குக் கட்சிச் செயலாளர்.

அந்தக் கட்சிக்காரர்கள் அன்றைக்கு என்னவெல்லாம் சொன்னார்கள்! குளோரின் உடம்புக்கே கெடுதலாம். அந்தக் காலத்தில் கிணற்றுத் தண்ணீர் குடித்தவர்கள் தொண்ணூறு வயது வாழவில்லையா என்று கேட்டார்கள். டேங்க்காரரை எதிர்க்கட்சி விலைக்கு வாங்கிவிட்டது என்றும் சொன்னார்கள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். கொஞ்சம்கூட வெட்கமில்லாத ஜனங்கள் என்று காறித் துப்பினார். தேர்தலில் அந்தத் தலைவர் மண்ணைக் கவ்வினார். ‘சுத்தமான குடிநீர்’ என்று சுவரெல்லாம் எழுதி நம்மவர் ஜெயித்தார்.

ஐந்து வருஷம் ஓடி, மறுபடி தேர்தல் வரப்போகிற நேரம். நம்மவரே மறுபடி நிற்கிறார். பம்ப் ரூமுக்குப் புது லோடு வந்தது. டேங்க்காரர் மூட்டையைப் பிரித்துக் குனிந்தார், தும்மல் வரவில்லை. சளி பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். மறுநாள் இன்னொரு மூட்டையைப் பிரித்தார், அதிலும் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள், சிரிக்காதீர்கள், டாக்டரிடம் போய் மூக்கைக் காட்டினார். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, "மூக்கு நல்லாத்தானே இருக்கு? என்ன தொந்தரவு?" என்றார். ஆறு வருஷத்துக்கு முன்னால் முதல் மூட்டையிலேயே திருட்டைப் பிடித்த மூக்கு, தன் கட்சி என்றதும் மூன்று நாள் வாய்தா கேட்டது. அந்த மூன்று நாளை நினைத்தால் பிற்பாடு அவருக்கே தன் மேல் வெறுப்பாக இருந்தது.

வீட்டுக்குள் வைத்துக் கேட்போம் என்று தலைவர் வீட்டுக்கே போனார். தலைவர் எழுந்து வந்து தோளில் கை போட்டார்.

"அண்ணே, நீங்க நம்ம ஆளு, அதனால மறைக்காம சொல்றேன். சரக்கு கொடுத்தவன் மேலிடத்துக்கு வேண்டியவன். இப்பத் தொட்டா எல்லாருக்கும் நாறும். தேர்தல் முடியட்டும், முதல் வேலையா லாரியைத் திருப்பி அனுப்பிடறேன்."

"ரெண்டரை மாசம் இருக்குங்களே. அதுவரைக்கும் ஜனங்க..."

"ரெண்டரை மாசத்துல யாரு செத்துடப் போறாங்க?" என்று சிரித்தார் தலைவர். அவருக்குப் பின்னால் ஸ்டூலில் இருபது லிட்டர் கேன் தண்ணீர் கவிழ்த்து வைத்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே டேங்க்காரர், "சரிங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். தினமும் சுண்ணாம்பைக் கரைத்துத் தொட்டியில் ஊற்றினார். நோட்டில் ‘மஞ்சள்’ என்று எழுதக் கை வரவில்லை, அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டார். காலியாக விட்டால் பொய் சொன்னதாகாது என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

அவர் வாயை மூடிக்கொண்டதால் விஷயம் மூடிக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரியில் வயிற்றுப்போக்குக்காரர்கள் பெருகினார்கள். ஒரு பத்திரிகைக்காரர் ஏழு தெருக் குழாய்களில் தண்ணீர் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பி, வந்த முடிவை முதல் பக்கத்தில் போட்டார். லாரியின் படம், பில்லின் படம், தலைவரின் கையெழுத்து, எல்லாம் இருந்தது. இனி ஊர் கொதிக்கும் என்று டேங்க்காரர் நினைத்தார். கொஞ்சம் பயமாகவும் இருந்தது, கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது.

ஊர் கொதிக்கத்தான் செய்தது, பாதி ஊர் மட்டும். அதுவும் எந்தப் பாதி? ஆறு வருஷத்துக்கு முன்னால் குளோரின் கெடுதல் என்று சொன்ன அதே அந்தக் கட்சிப் பாதி, இப்போது காலிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு குழந்தைகளுக்காக மூக்கைச் சிந்தியது. அன்றைக்குக் குடம் அடித்த நம்மவர்களோ, வார்த்தை பிசகாமல் அவர்கள் வசனத்தைக் கடன் வாங்கிப் பேசினார்கள். சைக்கிள் கடைக்காரர், "குளோரின் போட்டா முடி கொட்டும் தெரியுமா?" என்றார். அவர் தலையில் கொட்டுவதற்கு ஒரு முடி கிடையாது. தையற்காரம்மா, "நம்ம தலைவர் ரோடு போட்டாரே, லைட் போட்டாரே, அதையெல்லாம் எந்தப் பேப்பர்க்காரன் எழுதினான்?" என்று கேட்டாள். அவள் பையன் அந்த வாரம்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தான். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். இங்கே குடம் ஒன்றேதான், யார் உடைத்தார்கள் என்று கேட்டுக்கொண்டுதான் அது மண்ணா பொன்னா என்றே முடிவு செய்தார்கள். டேங்க்காரர் டீக்கடைக்குப் போவதை விட்டுவிட்டார். இவர்களுடைய பேச்சைக் கேட்டால் குடித்த டீ வெளியே வந்துவிடும்போல் இருந்தது.

இதில் இன்னொரு கூத்து சேர்ந்துகொண்டது. அந்தக் கட்சிக்காரர்கள் கேன் தண்ணீர் வாங்க ஆரம்பித்து, காலிக் கேனை வேண்டுமென்றே வாசலில் வைத்தார்கள். அவ்வளவுதான், கேன் கொடியாகிவிட்டது. வாசலில் கேன் இருந்தால் அவர்கள் வீடு, இல்லாவிட்டால் நம்ம வீடு. நம்ம வீடுகளில் வருஷக்கணக்காகக் கேன் வாங்கிக் குடித்தவர்கள்கூட அதை நிறுத்திவிட்டுத் தெருக்குழாயில் பிடித்தார்கள், நாலு பேர் பார்க்கிற நேரமாகப் பார்த்து.

தங்கை வீட்டில் நாலு வயதுப் பெண் குழந்தை. எல்லோருக்கும் அது குட்டி. டேங்க்காரர் சைக்கிள் மணி கேட்டால் "மாமா!" என்று வாசலுக்கு ஓடிவரும். ஒரு மாசத்தில் அதற்கு மூன்று தடவை வயிற்றுப்போக்கு. மூன்றாம் தடவை டிரிப் ஏற்ற வேண்டியதாயிற்று. கையில் ஊசி குத்த நரம்பு கிடைக்காமல் நர்ஸ் புறங்காலில் தேடினாள். "இன்னொரு தடவை இப்படி வந்தா தாங்காது. காய்ச்சின தண்ணி மட்டும்தான் கொடுக்கணும்" என்று டாக்டர் சொன்னார். சொல்லும்போது தங்கையும் இருந்தாள், தலையும் ஆட்டினாள்.

ரெண்டு நாள் கழித்து டேங்க்காரர் போனபோது, குட்டி குழாயில் பிடித்த தண்ணீரை டம்ளரில் குடித்துக்கொண்டிருந்தது.

"என்னம்மா இது? டாக்டர் என்ன சொன்னார்?"

"அந்த டாக்டர் யாருன்னு தெரியுமா உனக்கு? அவர் தம்பி அந்தக் கட்சியில இருக்கார்" என்றாள் தங்கை.

"சரி, கேன் வாங்கு."

"வாசல்ல கேன் இருந்தா தெருவே பார்க்கும்ணா. வார்டு செயலாளர் வீட்லயே கேனான்னு கேப்பாங்க."

"பின்பக்கமா நான் கொண்டாந்து தரேன்."

"திருட்டுத்தனமா குடிக்கச் சொல்றியா? அப்ப நம்ம தலைவர் தப்பு பண்ணினார்னு நானே ஒத்துக்கற மாதிரி ஆயிடாதா?"

"காய்ச்சியாவது கொடேன்மா. உன் அடுப்பு, உன் பாத்திரம். யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே" என்றாள் தங்கை.

"மூட்டையைப் பிரிக்கிறவன் நான். தொட்டியில கொட்டறவனும் நான்தான். சொல்றேன், அது சுண்ணாம்பும்மா" என்றார் மெதுவாக.

"நம்மாளு தப்பு பண்ணினா வீட்டுக்குள்ள வச்சுக் கேக்கணும்னு யாருண்ணா எனக்குச் சொன்னது?"

"கேட்டாச்சு. பதில் வரலை."

"அப்பப் பொறுத்துக்க. நீ டீக்கடைப் பக்கமே வராததைப் பார்த்து, உன்னை அவங்க விலைக்கு வாங்கிட்டாங்கன்னு தெருவுல பேசறாங்க. நான் நம்பலை. நம்ப வச்சுடாதே."

அவர் வீட்டுக்குப் போய்த் தானே தண்ணீரைக் காய்ச்சி ஆற வைத்து ரெண்டு பாட்டில் கொண்டுவந்து கொடுத்தார். மறுநாள் அந்தத் தண்ணீர் துளசிச் செடிக்குப் போயிருந்தது. செடியாவது பிழைக்கட்டும் என்று வாய்விட்டே சொல்லிவிட்டு வெளியே வந்தார். யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. கொடித்துணி மேல் அவளைத் தூங்க வைத்த கை அவருடையதுதான்.

தேர்தலுக்கு நாலு நாள் முன்பு மாப்பிள்ளை பம்ப் ரூமுக்கு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"மச்சான், சாயங்காலம் கடைசிக் குழாய் பக்கத்துல மேடை போடறோம். அந்தக் குழாய்த் தண்ணியைத் தலைவர் எல்லார் முன்னாடியும் குடிக்கப் போறார். நீங்கதான் பிடிச்சுக் கொண்டுவரணும். உங்க கைன்னா ஊர் நம்பும்."

"நிஜமாவே குடிப்பாரா?"

"குடிக்காம? ஒரு பேப்பருக்குப் பயந்தவரா அவர்?"

டேங்க்காரர் ஒத்துக்கொண்டார். அவர் கணக்கு வேறு. அந்தத் தண்ணீரைத் தானே குடிக்க வேண்டும் என்றால் எந்த மனிதனும் முதல் காரியமாக நல்ல மருந்து வாங்கிப் போடச் சொல்வான். எப்படியோ குழாயில் மருந்து வந்தால் சரி, குட்டி பிழைத்துக்கொள்ளும். புது லாரி வருமென்று அன்று முழுக்க வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். லாரி வரவில்லை. சாயங்காலம் கூட்டத்துக்காக வால்வைத் திறந்துவிட்டுப் போய்க் குழாயில் பிடித்துச் சொட்டு விட்டுப் பார்த்தார். நிறம் மாறவில்லை. பாவி, நிஜமாகவே இதைக் குடிக்கிற அளவுக்கு முட்டாளா, இல்லை அவ்வளவு தைரியசாலியா என்று யோசித்துக்கொண்டே குடத்தை நிரப்பி மேடைக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார்.

அங்கே தலைவரின் உதவியாளர் ஒரு பையிலிருந்து சீல் உடைக்காத பாட்டிலை எடுத்து, திருகி, கண்ணாடி டம்ளரில் ஊற்றிக்கொண்டிருந்தார். டேங்க்காரர் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "தலைவருக்கு வயிறு கொஞ்சம் சரியில்லைண்ணே. நீங்க குடத்தை மேடையில வச்சாப் போதும்" என்றார், பல்பு மாற்றச் சொல்கிற குரலில்.

டேங்க்காரர் குடத்தை மேடையில் வைத்தார். பக்கத்திலேயே நின்றார். தலைவர் டம்ளரை உயர்த்திக் காட்டி, ஒரே மூச்சில் குடித்து, புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டார். விசில் பறந்தது. மாப்பிள்ளைக்கு உணர்ச்சி தாங்கவில்லை. மைக்கைப் பிடுங்கினார். "தலைவர் மட்டுமில்லை! இதோ, என் பெத்த பிள்ளை குடிக்கும்! எங்களுக்கு அந்த நம்பிக்கை இருக்கு!" என்று கத்தினார். தங்கை குட்டியை இடுப்பில் தூக்கிக்கொண்டு படியேறி வந்தாள். குட்டிக்குப் புது கவுன் போட்டிருந்தாள். புறங்காலில் ஊசி குத்திய இடத்தில் பிளாஸ்திரி இன்னும் ஒட்டியிருந்தது. மாப்பிள்ளை ஒரு டம்ளரை எடுத்துக் குடத்துக்குள் விட்டார்.

"வேண்டாம்!" என்று டேங்க்காரர் மைக்குக்கு முன்னால் பாய்ந்தார். "தலைவர் குடிச்சது இந்தத் தண்ணி இல்லை! பாட்டில் தண்ணி! பின்னாடி ஊத்தினதை நான் என் கண்ணால பார்த்தேன்! இந்தக் குடத்துல இருக்கறது அவர் தொடாத தண்ணி!"

விசில் நின்றது. தலைவரின் முகம் செத்துப்போனது. முடிந்தது, இப்போதாவது புரிந்துகொள்வார்கள் என்று டேங்க்காரர் மூச்சு விட்டார்.

முன்வரிசையில் சைக்கிள் கடைக்காரர் எழுந்தார். "அதனால என்ன? அவருக்கு உடம்பு சரியில்லாம இருக்கும். ஓட்டுக்காக ஊர் ஊரா அலையறவரு. அவர் பாட்டில் தண்ணி குடிச்சா என்ன குத்தம்?"

"நமக்காகத்தானே அலையறார்!" என்றாள் தையற்காரம்மா.

கூட்டம் ஆமாம் போட்டது. ஒரு நிமிஷத்துக்கு முன்னால், அவர் குடித்தார், அதனால் தண்ணீர் சுத்தம் என்று விசிலடித்த அதே வாய்கள்! இப்போது அவர் குடிக்காததும் நியாயமாகிவிட்டது. தலைவரின் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. அடக்கமாகக் கைகூப்பினார். அவரைப் பார்த்து டேங்க்காரருக்கு ஒன்றும் தோன்றவில்லை, அவர் திருடர், திருடினார், அவ்வளவுதான். கீழே நின்ற முகங்களைப் பார்த்துத்தான் அருவருப்பாக இருந்தது. ஒவ்வொரு முகத்தையும் அவருக்குத் தெரியும், ஒவ்வொரு வீட்டுக் குழாயையும் தெரியும்.

"துரோகி, இறங்குடா!" என்று யாரோ கத்தினார்கள். தங்கை அவரைப் பார்க்கவில்லை. கணவன் கையிலிருந்த டம்ளரை வாங்கிக் குட்டியின் வாயருகே கொண்டுபோனாள். "குடி கண்ணு. எல்லாரும் பார்க்கறாங்க பாரு."

டேங்க்காரர் டம்ளரைத் தட்டிவிட்டார். குடத்தைக் காலால் உதைத்தார். அது உருண்டு, தண்ணீர் மேடை முழுக்க ஓடி, தலைவரின் செருப்பு நனைந்து, கீழே வழிந்தது. குட்டி பயந்து வீறிட்டது. நாலு பேர் அவரைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார்கள். அவர் திமிறவில்லை. கொட்டிவிட்டதே, அதுபோதும் என்று நினைத்தார்.

தங்கை குழந்தையின் முகத்தை முந்தானையால் துடைத்தாள். மைக்கைத் தன் பக்கம் திருப்பினாள்.

"எங்கண்ணன் கொட்டினா கொட்டட்டும். வீட்ல காலையில பிடிச்ச தண்ணி ரெண்டு குடம் இருக்கு. என் பொண்ணு அதைக் குடிப்பா."

கைதட்டல் எழுந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் படியிறங்கி வீட்டுக்குள் போனாள். கதவு சாத்துகிற சத்தம் மேடை வரைக்கும் கேட்டது. அந்த ரெண்டு குடத்துக்கும் காலையில் வால்வைத் திறந்து தண்ணீர் விட்டவர், கைகள் பின்னால் பிடிபட்டபடி, அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.